தேநீர்க்கடையும் கணிப்பொறியும்

கணிப்பொறித் திட்டம் ஒன்றைத் தொடங்குவோர், பொறி வாங்குவதற்கும் ஆணைத்தொடர் எழுதுவதற்கும் முன்னர்ச் செய்ய வேண்டிய பணி ஒன்றுண்டு. வேலை இப்போது எவ்வாறு நடைபெறுகிறது, அதனைச் செய்வோர்க்கு உண்மையில் வேண்டுவது யாது என்று கேட்டறிந்து எழுதிவைப்பதே அது. இதனைத் தேவை ஆய்வு என்பர். இப்பெயர் பரவலாக வழங்குவதற்கு முன்பே இதனைச் செம்மையாகச் செய்து காட்டியோர் பல்கலைக்கழக அறிஞர் அல்லர், படைத்துறையினரும் அல்லர். இலண்டனில் தேநீரும் கேக்கும் விற்ற ஒரு வணிக நிறுவனத்தார்.

லயன்ஸ் என்னும் அந்நிறுவனம் 1894ஆம் ஆண்டில் பிக்கடிலித் தெருவில் தன் முதல் தேநீர்க்கடையைத் திறந்தது. பின்னர்க் கடைகள் பெருகின. ஒவ்வொரு விற்பனையும் சில காசுகளே. அதற்கு எழுதும் கணக்கின் செலவு கூடினால் இலாபம் மறைந்துவிடும். ஆகவே, 1923இல் பணியில் சேர்ந்த ஜான் சிம்மன்ஸ் என்னும் கேம்பிரிட்ஜ் கணித வல்லுநர், அலுவலக வேலை முறைகளை ஆராய்வதையே ஒரு தனித் துறையாக வளர்த்தார். எந்தத் தாள் எங்கே பிறக்கிறது, யார் கையில் செல்கிறது, அது இல்லாவிட்டால் என்ன குறையும் என்பவை அத்துறையினரின் கேள்விகள். மின்னணுக் கணிப்பொறி வழக்கில் வராத காலம் அது.

1947இல் தாம்சன், ஸ்டேண்டிங்ஃபோர்டு என்னும் இரு அலுவலர் அமெரிக்கா சென்றனர். பிரின்ஸ்டனில் அவர்கள் சந்தித்த கோல்டுஸ்டைன், கேம்பிரிட்ஜிலேயே இத்தகைய பொறி உருவாகிவருவதைத் தெரிவித்தார். தம் ஊரின் அருகே நடப்பதை அறியக் கடல் கடக்க வேண்டியிருந்தது! லயன்ஸ் நிறுவனம் கேம்பிரிட்ஜுக்கு 3,000 பவுன் நன்கொடையும் ஓர் ஊழியரையும் அளித்து உதவியது. பின்னர் அவ்வழியைப் பின்பற்றித் தானே லியோ என்னும் கணிப்பொறியை அமைத்தது. 1951 நவம்பரில் ரொட்டிச்சாலையின் வாராந்தரக் கணக்கு லியோவின் முறையான பணியாயிற்று. அலுவலக வேலையைத் தவறாது செய்த முதல் கணிப்பொறி இதுவே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு.

எனினும் பொறியைவிட வியப்புக்குரியது, 1954இல் தேநீர்க்கடைகளுக்குப் பண்டம் அனுப்பும் வேலையை அதன்பால் ஒப்படைத்த முறை. இவ்வேலைகளை வகுத்தளித்தவர்களில் முதன்மையானவர் டேவிட் கேமினர்; 1943இல் துனீசியப் போர்க்களத்தில் ஒரு காலை இழந்து திரும்பியவர். முன்பு ஒவ்வொரு கடையின் பொறுப்பாளரான பெண்மணியும் மறுநாளுக்கு வேண்டியவற்றை நாள்தோறும் பல படிவங்களில் நிரப்பி அனுப்புவார். அப்படிவங்களை அப்படியே துளை அட்டைகளாக மாற்றிப் பொறிக்குள் செலுத்தியிருக்கலாம். பிறர் அதைத்தான் செய்திருப்பர். லயன்ஸ் ஆய்வாளரோ படிவத்தை விட்டு வேலையை நோக்கினர். ஒரு கடையின் திங்கட்கிழமைத் தேவை அடுத்த திங்கட்கிழமையும் பெரும்பாலும் மாறுவதில்லை. அவ்வாறாயின் மாறாததைத் தினமும் எழுதுவானேன்? வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் நிலையான பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டது. பிற்பகலில் குறித்த நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி மணி ஒலிக்கும். பெண்மணி மாற்றங்களை மட்டும் சொல்வார். மறுமுனையில் காதணிக் கருவி பூண்டவர், கேட்கக் கேட்கவே அட்டையில் துளையிடுவார். கடைப்பெண்மணியின் எழுத்து வேலை ஒழிந்தது. ஏறத்தாழ 2,000 எண்களையே நினைவில் கொள்ளவல்ல பொறியின் சுமையும் குறைந்தது.

அதே இலண்டன் மாநகரில், நாற்பது ஆண்டுகளுக்குப் பின், இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி நடந்தது. நகர ஆம்புலன்ஸ் பணிக்குக் கணிப்பொறி ஏற்பாடு ஒன்று 1990இல் திட்டமிடப்பட்டது. தேவைப் பட்டியலில் விரிவுக்குக் குறைவில்லை. ஆனால் அதனை எழுதியபோது வண்டிப் பணியாளர்களின் பங்கு மிகச் சிறிதே என 1993இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்ற செய்தி எப்போதும் பிழையின்றிக் கிடைக்கும் என்று பட்டியல் கருதிற்று. நடைமுறையிலோ வானொலி எட்டாத இடங்கள் இருந்தன. பணியாளர் குறித்த வண்டியை விட்டு வேறொன்றில் ஏறிச் செல்வதும் உண்டு. அவசரத்தில் பொத்தான்கள் வரிசை மாறி அழுத்தப்பட்டன. 1992 அக்டோபர் 26ஆம் நாள் புதிய முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சில அழைப்புகளுக்கு இரண்டு வண்டிகள் போயின. சிலவற்றுக்கு வண்டி வரக் காணோம். உதவி வராமையால் மக்கள் மீண்டும் மீண்டும் அழைத்தனர், அழைப்புகள் குவிந்தன. மறுநாளே பழைய முறைக்குப் பாதி திரும்பினர்.

நவம்பர் 4ஆம் நாள் அதிகாலையில் பொறி முற்றிலும் நின்றது. இதற்குக் காரணம் ஆணைத்தொடரில் நீக்காது விட்ட ஒரு சிறு பகுதி; அதற்குத் தேவை ஆய்வைப் பழிப்பது முறையன்று. ஆயினும் அக்டோபர்க் குழப்பத்துக்கு அச்சமாதானம் பொருந்தாது. அங்கே பொறி, தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் பெரும்பாலும் செய்தது. அலுவலர் மீண்டும் தாளையும் பேனாவையும் எடுத்தனர். 1996இல் வந்த புதிய ஏற்பாடு, பணியாளரைக் கலந்துபேசிப் படிப்படியாக அமைக்கப்பட்டது.