தையற்காரர் என்னும் குடிப்பெயர்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் நில அளவையாளர் நாயகமாக விளங்கியவர் கப்டன் குவால்டெரஸ் ஷ்னைடர். தெருவையும் ஆற்றையும் அளந்து இத்தீவின் படத்தை வரைந்தவர் அவர். ஆயின், அவருடைய குடிப்பெயருக்கு ஜேர்மானிய மொழியிலே தையற்காரர் என்பது பொருள். வெட்டுதலைக் குறிக்கும் வினைச்சொல்லினின்று பிறந்த பெயர் அது. துணியை வெட்டுபவனே ஷ்னைடர்.

ஒல்லாந்தக் கம்பெனியின் படையிலே ஜேர்மானியரும் பெருந்தொகையினராகப் பணிபுரிந்தனர். நம் நாட்டுப் பறங்கியரிடையே ஜேர்மானியப் பெயர்கள் காணப்படுவதற்கு இதுவே முக்கிய காரணமாகும்.

ஜேர்மனியில் இன்று மிகுதியாக வழங்கும் குடிப்பெயர்களை எண்ணினால், மாவரைப்போரைக் குறிக்கும் முல்லர், கொல்லரைக் குறிக்கும் ஷ்மிட் ஆகிய இரண்டையும் அடுத்து நிற்பது ஷ்னைடரே. இப்பெயருடையோர் அனைவரும் ஒரு பாட்டன் வழி வந்தவரல்லர். இடைக்காலத்தின் பிற்பகுதியிலே பெயர்கள் நிலைபெற்றபோது, ஊர்தோறும் ஒரு தையற்காரன் இருந்தான், அவ்வளவுதான். வடஜேர்மனியிலே ஷ்ரேடர் என்பதும், ஆங்கிலத்தில் டெய்லர் என்பதும், ஹங்கேரியில் சபோ என்பதும் இதே தொழிலைச் சுட்டுவனவே.

யூதர் இப்பெயரைப் பெற்ற வரலாறு வேறு. அவர்களிற் பெரும்பாலோர் நெடுங்காலம் தந்தை பெயரையே தம் பெயரோடு சேர்த்து வழங்கினர். ஈசாக்கின் மகன் யாக்கோபு. யாக்கோபின் மகன் மோசே. இம்முறையில் வரி தண்டுதலும் படைக்கு ஆள் சேர்த்தலும் அரசுக்கு எளிதாயிருக்கவில்லை. எனவே, 1787இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு, யூதர் ஒவ்வொருவரும் மாறாத ஜேர்மானியக் குடிப்பெயர் கொள்ளவேண்டுமென ஆணையிட்டார். பிரஷ்யாவில் 1812இல் இத்தகைய ஆணை பிறந்தது. தையல் யூதரிடையே பரவியிருந்த தொழிலாதலின், பலர் ஷ்னைடர் ஆயினர். மகன் ஊசியைத் தொடாதவனாயினும் பெயர் நின்றது.

ஈசாக்கின் மகன் யாக்கோபு என்பது நமக்குப் புதிதன்று. கொலன்னாவையிலே கந்தையாவின் மகன் க. சிவலிங்கம், சிவலிங்கத்தின் மகன் சி. முருகேசு. தலைமுறைதோறும் முன்னெழுத்து மாறுவதால், பாட்டன் தொழில் பேரனைத் தொடர்வதில்லை. புகாரிலே வாழ்ந்த துன்னகாரரைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. தையற்காரரைக் குறிக்கும் அச்சொல் குடும்பப் பெயராக நம்மிடம் வந்து சேரவில்லை.

விதிவிலக்கு இல்லாமலில்லை. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியை (1807–1860) எண்ணிப் பாருங்கள். 1834இல் இலங்கைக் கசற்றியரையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் தமிழ் புளூராக்கையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட இவர், அரசாங்க உத்தியோகத்திலே நீதிபதியாகவும் உயர்ந்தார். வணிகரைக் குறித்துப் பின் குலப் பட்டமுமான செட்டி என்னும் சொல், நீதிமன்றத்திலும் இவருடன் சென்றது. சிங்களத்திலும் செட்டியின் இல்லம் எனப் பொருள்படும் ஹெட்டிகே என்பது குடும்பப் பெயராய் வழங்குகின்றது.

1983க்குப் பின்னர் இந்நாட்டுத் தமிழர் பலர் ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறினர். குடிப்பெயர் யாது என அங்குள்ள பதிவேடு கேட்டது. சிலர் தந்தையின் பெயரை எழுதினர். சிலர் தம் பெயரையே எழுதினர். கந்தையா என்னும் பெயர் அவ்விடத்தில் உறைந்து நின்றது. இன்று அங்கே பள்ளியில் ஷ்னைடர் என்னும் சிறுவனுக்குப் பக்கத்தில் அமரும் தமிழ்ச் சிறுமி, தான் கண்டிராத கொள்ளுப்பாட்டனின் பெயரால் அழைக்கப்படுகிறாள். தன் தந்தையின் பெயரை எழுத அப்படிவத்திலே அவளுக்கு இடமில்லை.