தடை உத்தரவு இல்லாத தடை: ஒலிபரப்பும் நாமும்

1896இல் தாத்தா ரெட்டமலை சீனிவாசனுக்கு நீதிமன்றம் 100 ரூபாய் அபராதம் போட்டது. 1893இல் அவர் தொடங்கிய 'பறையன்' இதழில் வெளிவந்த ஒரு வாசகர் கடிதத்துக்காக அந்த வழக்கு. அந்தக் காலத்தில் 100 ரூபாய் என்பது சின்னத் தொகை அல்ல. பிறகும் இதழ் வந்துகொண்டுதான் இருந்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொலைக்காட்சிகளுக்கு அரசு தரும் நெருக்கடி பற்றிப் பேச்செடுத்தாலே, "அது முதலாளிக்கும் முதலமைச்சருக்கும் நடக்கிற சண்டை, நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. ஆணவக் கொலை நடந்தால் அதை 'காதல் தகராறு' என்று போடுகிற சேனல்களுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கோபம் அதில் இருக்கிறது. கோபம் நியாயம்தான். ஆனால் பேச்சுரிமை வழக்கில் நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை. 1896லேயே கூண்டில் நின்றவர்கள்.

பத்திரிகைக்கும் ஒலிபரப்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கொஞ்சம் காசும் ஒரு அச்சகமும் கிடைத்தால் பத்திரிகை நடத்திவிடலாம். தாத்தாவும் பண்டிதர் அயோத்திதாசரும் அப்படித்தான் நடத்தினார்கள். வானொலிக்கு அது போதாது. 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டம் அந்த உரிமையை முழுக்க அரசிடம் வைத்தது. அரசு உரிமம் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

யானைக்கவுனிப் பக்கம் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தக் கதை காலடியிலேயே கிடக்கிறது. வால்டாக்ஸ் சாலை வழியே சென்ட்ரலுக்கு நடந்து (சுவர் கட்டிய செலவுக்காகப் போட நினைத்து, கடைசிவரை வசூலிக்கவே முடியாமல் போன வரியின் பெயர்தான் அந்தச் சாலைக்கு), பூந்தமல்லி சாலையில் திரும்பினால் ரிப்பன் மாளிகை. 1924இல் கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியில் சென்னையில் ஒரு வானொலி மன்றம் ஒலிபரப்பைத் தொடங்கியது. மூன்று ஆண்டில் பணம் தீர்ந்தது. கருவியை மாநகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சியே வானொலி நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி நிலையம் சென்னையில் திறக்கப்பட்டபோது அது முடிவுக்கு வந்தது. எட்டு ஆண்டு காலம் ஒரு நகரத்தின் உள்ளாட்சி கையில் ஒலிபரப்பு இருந்திருக்கிறது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அது பெரும்பாலும் பாட்டுக் கச்சேரிதான், அரசியல் விவாதத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் அன்று தில்லிக்குப் போன பிடி, தனியார் சேனல்கள் வரும்வரை தளரவே இல்லை.

அடுத்து 1950. எல்லோரும் படிக்க வேண்டிய ஆண்டு. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையக்கூடாது, விற்கக்கூடாது என்று சென்னை அரசு உத்தரவிட்டது. 1949ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம் அதற்குக் கருவி. இதழாசிரியர் ரமேஷ் தாப்பர் உச்சநீதிமன்றம் போனார். 1950 மே மாதம் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 'பொது ஒழுங்கு' என்ற காரணம் அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவில் அப்போது இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அதே காலத்தில், அதே சென்னை மாகாணத்திலிருந்து இன்னொரு வழக்கும் போனது. செண்பகம் துரைராஜன் வழக்கு. வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

இரண்டு தோல்விக்கும் சேர்த்து ஒரே மருந்து வந்தது. 1951 ஜூனில் நிறைவேறிய முதல் திருத்தம். இடஒதுக்கீட்டுக்கு அரண் கட்டிய 15(4) அதில்தான் பிறந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' சேர்ந்ததும் அதில்தான். சட்ட அமைச்சராக இருந்த அண்ணல் அம்பேத்கர் அந்தத் திருத்தத்தை ஆதரித்து நாடாளுமன்றத்தில் பேசினார். கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் நுழைந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இன்றுவரை நீதிமன்றங்களில் அரசுகளை எதிர்த்து வாதாட முடிகிறது. நம் கல்வியுரிமையைக் காத்த திருத்தமும், நம் கூட்டத்துக்கு மைக் அனுமதி மறுக்க உதவும் திருத்தமும் ஒன்றே. ஏப்ரல் 14 கூட்டத்துக்குக் காவல் நிலைய வாசலில் மனுவோடு நின்றவர்களுக்கு இதன் கசப்பு புரியும். இதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாறு பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

இந்த முடிச்சு இன்னும் இறுகியது 1989இல். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்று ஒரு படம். பிராமணப் பெண்ணொருத்தி பொய்ச் சாதிச் சான்றிதழில் வேலை பெறுவது கதை. சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் கேள்வி கேட்கும் படம், அதாவது நமக்கு எதிரான படம். தணிக்கைச் சான்றிதழை சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. படம் ஓடினால் சட்டம் ஒழுங்கு கெடும் என்று மாநில அரசு உச்சநீதிமன்றத்தில் சொன்னது. 1989 மார்ச் 30 அன்று வந்த ரங்கராஜன் தீர்ப்பு அதை ஏற்கவில்லை. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்குப் பயந்து பேச்சை நிறுத்த முடியாது, பேசுகிறவரைப் பாதுகாப்பதுதான் அரசின் வேலை என்றது.

அந்தப் படத்தின் அரசியலை நான் ஒரு துளியும் ஏற்கவில்லை. ஆனால் 2017இல் மலக்குழி அவலத்தைப் பதிவு செய்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பல ஊர்களில் திரையிட விடாமல் காவல்துறை தடுத்தபோது சொன்ன காரணம் என்ன? அதே சட்டம் ஒழுங்கு. இயக்குநர் திவ்யபாரதி அந்த ஆண்டு ஜூலையில் ஒரு பழைய மாணவர் போராட்ட வழக்கில் கைதானார். அவர் பக்கம் நின்று வாதாட நமக்கு இருந்த மிக வலுவான தீர்ப்பு, நமக்கு எதிரான படத்துக்குக் கிடைத்த தீர்ப்பு.

இனி கேபிளுக்கு வருவோம். 1993இல் சன் டிவி வந்தது. சேனலை விடவும் முக்கியமானது வயர். சுமங்கலி கேபிள் விஷன் சென்னையின் வயரைக் கையில் வைத்திருந்தது. 2006 தொடக்கத்தில் அ.தி.மு.க. அரசு கேபிள் நிறுவனங்களை அரசுடைமையாக்கச் சட்டம் கொண்டுவர முயன்றது, நடக்கவில்லை. 2007 மே மாதம் தினகரன் கருத்துக்கணிப்பு, மதுரை அலுவலகம் எரிப்பு, 3 பேர் சாவு. குடும்பம் இரண்டானது. அதே ஆண்டில் தி.மு.க. அரசு 'அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன்' தொடங்கியது. குடும்பம் ஒன்று சேர்ந்ததும் அரசு கேபிள் படுத்துக்கொண்டது. 2011இல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் செப்டம்பரில் எழுந்து நின்றது, மாதம் 70 ரூபாய்க்கு. ஏழை வீட்டுக்கு அது நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கட்சிக்கும் அந்த வயர் எதற்குத் தேவைப்பட்டது என்பதற்கு இந்த ஆண்டுகளே சாட்சி.

மாநில அரசுகள் ஒளிபரப்பு விநியோகத்தில் இறங்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008லும் 2012லும் பரிந்துரைத்தது. இருந்தும் 2017 ஏப்ரலில் அரசு கேபிளுக்கு மத்திய அரசின் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. தில்லியில் யார், சென்னையில் யார், அப்போது யாருக்கு யார் தேவைப்பட்டார்கள் என்பதை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அடுத்த ஆண்டே பலன் தெரிந்தது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு, 13 பேர் பலி. மறுநாளிலிருந்து மூன்று மாவட்டங்களில் இணையத்தை முடக்கினார்கள். ஜூன் 8 அன்று கோவையில் புதிய தலைமுறை தொலைக்காட்சி ஒரு வட்டமேசை விவாதம் நடத்தியது. போராட்டங்கள் எதற்காக நடக்கின்றன என்பதுதான் பேச்சு. இயக்குநர் அமீர் பேசும்போது அரங்கில் கூச்சல். காவல்துறை யார் மீது வழக்குப் போட்டது தெரியுமா? சேனல் மீது, அதன் செய்தியாளர் மீது, அமீர் மீது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 153அ, 505, கூடவே 1992ஆம் ஆண்டின் சொத்து சேதத் தடுப்புச் சட்டம். அதே நாட்களில் அரசு கேபிளில் அந்தச் சேனல் வழக்கமான இடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டது என்று பத்திரிகையாளர்கள் குற்றம் சாட்டினார்கள், தெருவில் இறங்கினார்கள். தடை உத்தரவு என்று காகிதம் எதுவும் வரவில்லை. ரிமோட்டில் அழுத்தும் எண் மட்டும் மாறியது.

இதில் நமக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைக் கேபிள் சட்டத்தைப் புரட்டினால் பார்க்கலாம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ காவல் ஆணையரோ ஒரு நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லலாம். மதம், இனம், மொழி வரிசையில் 'சாதி' அடிப்படையில் பகைமை வளர்க்கும் என்பதும் அங்கே ஒரு காரணம். 2024 வரை நடப்பில் இருந்த 153அ பிரிவிலும் சாதி இருந்தது. வன்கொடுமை செய்தவனின் சாதியைச் சொல்லாமல் வன்கொடுமை பற்றி எப்படிப் பேசுவது? பெயரைச் சொன்னால் 'பகைமை', சொல்லாவிட்டால் 'இரு தரப்பு மோதல்'. சேனல் நிர்வாகம் அரசு விளம்பரத்தையும் வயரில் தன் இடத்தையும் நினைத்துக் கையைக் கட்டிக்கொள்ளும்போது, பட்டியலிலிருந்து முதலில் விழும் விவாதம் நம்முடையதாகத்தான் இருக்கும். எண்ணூர் கழிமுகத்து எண்ணெய்க் கசிவும், தண்டையார்பேட்டைக் குடியிருப்புகளின் தண்ணீர்ப் பிரச்சினையும் அடுத்து விழும்.

இது ஒரு கட்சியின் நோய் என்று நினைக்க வேண்டாம். 2024 மே மாதம், தி.மு.க. ஆட்சியில், பெண் காவலர்களை இழிவாகப் பேசிய யூடியூப் பேட்டிக்காகச் சவுக்கு சங்கரும், அதை ஒளிபரப்பிய ஃபெலிக்ஸ் ஜெரால்டும் கைதானார்கள். பேசியது அசிங்கம், அதற்கு வழக்குப் போடுவது வேறு விஷயம். சங்கர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது, ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் வளர்ந்த யாருக்கும் குண்டர் சட்டம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. நம் பையன்கள் மீது பழகிய கை அது. இன்று பேச்சுக்கு நீள்கிறது.

கேரளத்தின் மீடியாஒன் சேனலுக்கு நேர்ந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2022 ஜனவரியில் மத்திய அரசு அதன் ஒளிபரப்பை நிறுத்தியது, காரணத்தை மூடிய உறையில் நீதிமன்றத்திடம் மட்டும் கொடுத்தது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அரசை விமர்சிப்பதாலேயே ஒரு சேனல் நாட்டுக்கு எதிரானதாகிவிடாது, காரணத்தைச் சொல்லாமல் வாயை மூட முடியாது என்றது. அந்தச் சேனலிடம் எதிர்த்து வழக்காட ஒரு உத்தரவாவது கையில் இருந்தது. கேபிளில் எண் மாறியதற்கு உத்தரவு எங்கே?

அதைத்தான் கேட்க வேண்டும். அரசு கேபிள் நிறுவனம் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. எந்தச் சேனலின் எண் எந்தத் தேதியில் மாறியது, யார் கையெழுத்தில், கோப்பில் எழுதிய காரணம் என்ன என்று பத்து ரூபாய் மனுவில் கேட்கலாம். கல்லூரி விடுமுறையில் நேரம் இருக்கும் தோழர்கள் 2011 முதல் ஆண்டுவாரியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.