வன்னியின் மண்ணெண்ணெய் இயந்திரங்கள்

பழைய இயந்திரமொன்றைக் கழற்றிப் புதுக்குவோர் அதன் வலுவைக் கூட்ட முனைவதே உலக வழக்கு. 1964 முதல் 1998 வரை காற்றாற் குளிரும் இயந்திரத்துடன் வெளிவந்த ஜேர்மனியின் போர்ஷ 911 காரைப் புதுக்குவோர், சிலிண்டரைப் பெருப்பித்து அமுக்க விகிதத்தை உயர்த்துவர். வன்னிப் பெருநிலத்திலோ இக்கலை எதிர்த்திசையில் வளர்ந்தது.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதும் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோலும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. மட்டுப்படுத்தப்பட்ட அளவிற் கிடைத்த மண்ணெண்ணெயே ஊர்திகளுக்கும் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கும் உயிரூட்டியது. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் ஆகிய பழங்கார்களும், காற்றாற் குளிரும் சிறிய ஹொண்டா மோட்டார்ச் சைக்கிள்களும் அதனைக் குடித்தே ஓடின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்கு ஊட்டி இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். சூடு மிகுந்தாலோ எரிபொருள் உரிய கணத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். காற்றொன்றையே நம்பிக் குளிரும் இயந்திரத்தில் இவ்விடர் பெரிது. அமுக்க விகிதத்தைக் குறைத்தலே இதற்குப் பரிகாரம். வலுக் குறையினும் இயந்திரம் பிழைக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். பிளக்கிலும் வால்விலும் கரி படியும். எனவே கரி சுரண்டலும் வால்வு அரைத்தலும் திருத்துநரின் ஓயாத பணிகளாயின.

இம்முறை உலகிற்குப் புதிதன்று. 1917 இல் உற்பத்தி தொடங்கிய போட்சன் உழவு இயந்திரமும் பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் உழுதது. ஆயின் அதனை அவ்வாறு அமைத்தது தொழிற்சாலை. பெற்றோலுக்கென வடிக்கப்பட்ட இயந்திரங்களை, மாற்றுப்பாகமின்றி மறுவழிப்படுத்தியது வன்னித் திருத்துநரின் கைத்திறன்.

1995 இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்தோரிற் பெருந்தொகையினர் வன்னியை அடைந்தனர். 1996 இற் கிளிநொச்சியும் வீழ்ந்தது. இடப்பெயர்வு தோறும் நோயாளியையும் நெல்மூடையையும் சுமந்தவை இவ்வூர்திகளே. அவை நடுவழியில் நிற்பது உயிரிழப்பாகவும் முடியக்கூடும் என்பதாற் கறாச்சின் வேலை வெறும் பிழைப்பாக அமையவில்லை.

2002 இல் தடை தளர்ந்து பெற்றோல் தாராளமாய் வந்ததும் மண்ணெண்ணெய்ப் புகை மறைந்தது. 2009 இல் முள்ளிவாய்க்காற் கரையில் மக்கள் கைவிட்ட ஊர்திகள் பின்னர் துருவேறிய குவியல்களாயின. அவற்றை ஓட்டிய அறிவோ முதியோர் சிலரின் விரல்களில் எஞ்சியுள்ளது. போர்களையும் ஆட்சிகளையும் பதியும் வரலாறு, ஒரு மக்களை நகர்த்திய இக்கைவினையையும் அம்முதியோர் இருக்கும்போதே பதிதல் வேண்டும்.