துரைமார் விருந்தும் தொழிலாளர் விழாவும்

நம் நாட்டில் இப்பொழுது ஒரு வைபவம் பெருகி வருகிறது. வருஷத்தில் ஒரு நாள் கம்பெனியார் தம் சிப்பந்திகளை எல்லாம் ஒரு மைதானத்தில் கூட்டுவர். அனைவருக்கும் ஒரே நிறச் சட்டை. கட்சி பிரித்துக் கயிறு இழுக்கவும், சாக்கினுள் காலை விட்டுக் குதிக்கவும், கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடவும் செய்வர். இறுதியில் சோறும் பரிசும் உண்டு. மேலதிகாரியின் நன்றிப் பிரசங்கமும் உண்டு. குடும்ப நாள் என்றும் பாராட்டு விழா என்றும் இதற்குப் பெயர். அங்கே நடக்கும் விளையாட்டுகளுக்கு நம்மவர் இட்ட பெயர் தெலிமேட்ச் என்பது. இப்பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் விழிப்பர். ஜெர்மனியில் ஊருக்கு ஊர் கட்சி கட்டி, வழுக்கும் பலகைமேல் ஓடித் தண்ணீரில் விழுந்த ஒரு விளையாட்டு நிகழ்ச்சி 1970களில் இப்பெயருடன் நம் தொலைக்காட்சிக்கு வந்தது. விழுந்த ஜெர்மானியரை மறந்தோம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இவ்வைபவத்தை நடத்திக் கொடுப்பதற்கென்றே கட்டணம் வாங்கும் வல்லுநர் இன்று இருக்கின்றனர். சேர்ந்து விளையாடினால் சிப்பந்திகளிடையே ஒற்றுமை பிறக்கும், ஒற்றுமை பிறந்தால் வேலை பெருகும் என்று அவர்கள் உபதேசிப்பதைக் கேட்டால், நேற்றுக் கண்டுபிடித்த சாஸ்திரமோ என்று தோன்றும். பால்மரக் காட்டில் மூன்று தலைமுறை பிழைத்த தமிழனுக்கு இது நேற்றைய சங்கதி அன்று. அவனுடைய பாட்டனும் துரையின் முன்னால் கயிறு இழுத்தவன்தான். அந்தக் கயிற்றின் சரித்திரத்தையே இங்குச் சிறிது ஆராய முற்படுகிறேன்.

சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் பழைய பாதை கணவாயைக் கடந்து இறங்கும் இடத்தில் இருப்பது மந்தின். முதலில் ஈயம் வெட்டிய ஊர். பிறகு சுற்றுப்புறம் முழுதும் ரப்பர். இன்று செம்பனையும் வீட்டுமனையும். இவ்வட்டாரத்துப் பழைய தோட்டங்களின் அமைப்பை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை. மேட்டில் துரையின் பங்களா, சரிவில் கிராணிமார் வீடுகள், பள்ளத்தில் ஆற்றோரமாக லயங்கள். நிலத்தின் உயரத்தைப் பார்த்தே சம்பளப் பட்டியலை எழுதிவிடலாம். துரைமாருக்கு ஊரில் ஒரு கிளப்பு, கிராணிமாருக்குத் தோட்டத்தில் ஒரு கிளப்பு, தொழிலாளிக்குக் கள்ளுக்கடை. கிராணிமாரில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் ஆவர். இங்கிலீஷ் படித்த நம் பக்கத்தார் சிலரும் உண்டு. மொழியால் நெருங்கியிருக்க வேண்டிய இவர்கள், மேசையால் விலகி நின்றனர். கிராணி வீட்டுப் பிள்ளை லயத்துப் பிள்ளையோடு பந்தாடினால் வீட்டில் அடி விழுந்த காலம் அது.

இத்தகைய இடத்தில் துரைக்கு விருந்தும் விளையாட்டும் ஏன் நினைவுக்கு வந்தன? தயாள குணம் என்று சிலர் சொல்லக்கூடும். தயாள குணமுள்ள துரைமாரும் இருந்தனர், மறுப்பதற்கில்லை. ஆனால் காரணம் வேறொன்றும் உண்டு. ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் எடுப்பது 1910ஆம் வருஷத்தோடு நின்றது. அதற்குப் பின் கங்காணி மூலம் வந்த தொழிலாளி, ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். பக்கத்துத் தோட்டத்தில் கோயில் பெரிது, திருவிழா நன்றாக நடக்கிறது, ஆடு வெட்டுகிறார்கள் என்ற செய்தி பரவினால் லயங்கள் காலியாகும். ஆகவே மாரியம்மன் கோயிலுக்கு மரமும் தகரமும் கொடுப்பதும், தீபாவளிக்கு ஆடும் அரிசியும் கொடுப்பதும் ஆளைப் பிடித்து வைக்கும் செலவாகவே கணக்கில் ஏறின. நானும் கணக்கு எழுதுபவன். ஒரு செலவு எந்தத் தலைப்பின்கீழ் எழுதப்படுகிறது என்பதில் அதன் உள்நோக்கம் தெரியும் என்பது என் தொழில் அனுபவம்.

விளையாட்டுகளின் வரலாறும் சுவையுள்ளது. வழுக்கு மரம், உறியடி, சடுகுடு, சிலம்பம் ஆகியவை தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவை. சாக்கு ஓட்டமும், இருவர் காலைச் சேர்த்துக் கட்டி ஓடும் ஓட்டமும், கரண்டியில் முட்டை ஏந்தும் ஓட்டமும் இங்கிலீஷ்காரருடைய பள்ளிக்கூடத்துச் சொத்து. முட்டை விலை அதிகமாதலால் தோட்டத்தில் எலுமிச்சம்பழம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதே விளையாட்டுகள் ஜப்பானுக்கும் சென்றன. 1874ஆம் வருஷம் தோக்கியோவில் கடற்படைப் பள்ளியில் இங்கிலீஷ் ஆசிரியர்கள் ஒரு விளையாட்டு விழா நடத்தினர். அது வளர்ந்து, பிற்காலத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் தம் தொழிலாளருக்கு வருஷந்தோறும் நடத்தும் விழாவாயிற்று. கயிறு இழுத்தலோ 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக் பந்தயங்களிலேயே இடம் பெற்றிருந்தது. இன்று அதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்போர் இதை அறிந்தால் வியப்பர்.

அக்காலத்து விளையாட்டு நாளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். லயத்துக்கு லயம் கயிறு இழுப்பர். வென்ற கட்சிக்கு வேட்டியோ துண்டோ கிடைக்கும். துரைசானி தம் கையால் கொடுப்பார். துரைக்கும் துரைசானிக்கும் நிழலில் நாற்காலி, கிராணிமாருக்குப் பக்கத்தில் பெஞ்சு, மற்றவர்க்குப் புல்தரை. பெரிய கிராணியார் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். பெண்கள் காலையில் பால்மரம் வெட்டியது போதாதென்று அன்று சமையலும் அவர்கள் தலையில்தான். பாராட்டப்படும் நாளில் ஓய்வு என்பது அவர்களுக்கு மட்டும் இல்லாமற் போனது எந்த நியாயத்தைச் சேர்ந்ததோ தெரியவில்லை. இப்பொழுதும் பல இடங்களில் அப்படியே.

இனி, இவ்விருந்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடையின் லாபத்தைத் தொழிலாளர் நலத்துக்குச் செலவிட வேண்டும் என்பது அக்கால ஏற்பாடு. பந்து வாங்கவும், படக்காட்சி வைக்கவும், திருவிழாவுக்கு உதவவும் அந்த நிதி பயன்பட்டது. சம்பள நாள் சாயங்காலம் குடித்த மொந்தைதான் தீபாவளியன்று ஆட்டுக்கறியாகத் திரும்பி வந்தது. ஆகவே வந்தனம் செலுத்த வேண்டியவர் துரையல்லர். அந்த மொந்தைக்குப் போன காசினால் அடுப்பில் அரிசி குறைந்த வீட்டுப் பெண்டிர்தாம். 1936ஆம் வருஷக் கடைசியில் இந்திய அரசாங்கத்தாரால் அனுப்பப்பட்டு இங்கு வந்து, மறு வருஷம் அறிக்கை வெளியிட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்ற பழைய கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றார். அந்தக் கூலியையும் குறைக்க முதலாளிமார் முனைந்தபோது, 1938ஆம் வருஷம் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதையே நிறுத்திவிட்டது. ரப்பர் விலை சரிந்தபொழுது கூலி குறைந்தது; விருந்து மட்டும் மேலிருந்து வழங்கும் தானமாகவே நின்றது.

இந்தத் தானத்தைப் பெற்றவர்கள் உண்மையில் என்ன வேண்டினார்கள் என்பதை அறிய நம்மிடம் ஓர் ஆதாரம் உண்டு. 1941ஆம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் அவர்களுக்குத் துணை நின்றார். பின்பு பிடிபட்டு நாடு கடத்தப்பட்டார். அவர்கள் கோரிக்கைகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். கொடுமை செய்யும் சிப்பந்திகளை நீக்கித் தமிழ் பேசுவோரை வைக்க வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வியும், நோயாளிக்கு வைத்தியமும் வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பேசவும் கூடவும் சுதந்திரம் வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

இப்பட்டியலில் விருந்து வேண்டும் என்ற வரி இல்லை. விளையாட்டு வேண்டும் என்ற வரியும் இல்லை. திருவிழாவுக்கு அண்ணன் தம்பியை அழைக்கவும் தோட்டத்து வாசலில் அனுமதி வேண்டியிருந்தவனுக்கு, அவ்விழாவுக்குத் துரை கொடுத்த ஆடு எப்படிப்பட்ட பாராட்டு? விளையாட்டு நாளன்று துரைசானி கையால் துண்டு வாங்கிய வீரன், மறுநாள் அதே துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கினான். கோரிக்கைகளில் இரண்டு என் இனத்தாராகிய கிராணிமாரையும் குறித்தவை என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அரசாங்கத்தார் துருப்புகளை அனுப்பினர். தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். அதே வருஷக் கடைசியில் ஜப்பானியர் வந்தனர். அவர்கள் காலத்தில் தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டனர். திரும்பாதவர் மிகப் பலர்.

போருக்குப் பின் மிஞ்சியவர்கள் பழைய தொழிலாளராக இல்லை. கெடாவில் 1946, 1947ஆம் வருஷங்களில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தனர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். ஒற்றுமைப் பயிற்சி என்று இன்று கட்டணம் கொடுத்து வாங்குவதை அவர்கள் துரையைக் கேளாமலே செய்துகொண்டனர்; அதனால்தான் துரைமாருக்கு அது பிடிக்கவில்லை. நம் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதில் உழைத்த பி. பி. நாராயணன், சங்கங்கள் பல ஒன்றுகூடி 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனபோது அதன் பொதுச் செயலாளரானார். கூலியும் விடுமுறையும் அதற்குப் பின் பேசித் தீர்க்கும் பொருள்களாயின. 1972இல் அரசாங்கம் மே தினத்தைப் பொது விடுமுறையாக அறிவித்தது.

விழாக்களின் வரலாற்றில் 1952ஆம் வருஷத்தைத் தனியே குறித்து வைக்க வேண்டும். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவ்வருஷம் தமிழர் திருநாளைத் தொடங்கினார். பொங்கலை ஒட்டி, ஜாதி சமயப் பிரிவு பாராமல் தமிழர் அனைவரும் கூடும் நாள் அது. சிங்கப்பூரில் தோன்றிய விழா மலாயாத் தோட்டங்களுக்கும் பரவியது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, நாடகம், விளையாட்டு எல்லாம் இருந்தன. மேலுக்குப் பார்த்தால் துரையின் விளையாட்டு நாளில் இருந்தவைதாம். அங்கேயும் சாக்கு ஓட்டம், இங்கேயும் சாக்கு ஓட்டம். ஆனால் இங்கே பணம் வீடு வீடாகப் பிரித்த பணம். செயலாளர் பால்மரம் வெட்டுபவராக இருக்கலாம். பொருளாளர் ஆசிரியராக இருக்கலாம். வரவு செலவைக் கூட்டத்தில் படிக்க வேண்டும். யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். கிராணி அங்கு வந்தால் விருந்தினனாகவோ உறுப்பினனாகவோதான் வர முடியும், பட்டியல் கூப்பிடுபவனாக அன்று. லயத்துக்காரரும் கிராணி வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது பல தோட்டங்களில் இத்தகைய விழாக்களினால்தான் என்று முதியோர் கூறுவர்.

மேல்நாட்டு ஆராய்ச்சியொன்றையும் இங்கே நினைக்கலாம். அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை பல சோதனைகள் நடந்தன. வெளிச்சத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். ஓய்வு நேரத்தை மாற்றினார்கள். தனி அறையில் வேலை செய்த சில பெண்களின் உற்பத்தி ஏறியது. தம்மை ஒருவர் கவனிக்கிறார் என்பதே காரணம் என்று கூறி, தொழிலாளரை மகிழ்விக்கும் சாஸ்திரம் ஒன்றை அதன்மேல் கட்டினார்கள். அப்பெண்களுக்குக் கூலி கணக்கிடும் முறையும் மாற்றப்பட்டிருந்தது; அவர்களில் இருவர் அதிகம் பேசினார்கள் என்று இடையில் விலக்கப்பட்டு வேறிருவர் சேர்க்கப்பட்டனர். விழா நடத்தும் வல்லுநர் முதற்பகுதியைச் சொல்வர். பிற்பகுதியைச் சொல்லும் வல்லுநரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நிற்க. இன்று மந்தின் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் பல இடிந்துபோயின. நம்மவர் பிள்ளைகள் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் வேலைக்குப் போய்விட்டனர். செம்பனைக் குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். வேலியும் வாசலும் அனுமதியும் என்றால் என்னவென்று நம் பாட்டன்மாரைப் போலவே அவர்களும் அறிவார்கள். குடும்ப நாள் என்று நாம் அவர்களை அழைக்கிறோம்; அவர்களுடைய குடும்பமோ கடலுக்கு அப்பால் இருக்கிறது.

நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் இவ்வருஷம் விழாக் குழுவைப் பிரட்டுக் களத்திலேயே தேர்ந்தெடுக்கும்படி மேலாளரிடம் கேட்டேன். அவர் சிறிது யோசித்துவிட்டுச் சம்மதித்தார். களை வெட்டும் பிரிவைச் சேர்ந்த இரண்டு அம்மாமார், லொம்போக் தீவைச் சேர்ந்த ஒரு தொழிலாளி, லாரி ஓட்டுநர் ஒருவர், ஆபீசிலிருந்து நான் என ஐவர் அமைந்தோம். அம்மாமார் முதலில் சொன்னது, சமையலுக்கு வெளியிலிருந்து ஆள் வைக்க வேண்டும் என்பது. லொம்போக்காரர் சொன்னது, பரிசாகத் துண்டு வேண்டாம், ஊருக்குத் தொலைபேசியில் பேசும் பணமாகக் கொடுங்கள் என்பது. கயிறு இழுத்தலில் ஆபீசார் தனிக் கட்சியாக நிற்கலாகாது என்று ஓட்டுநர் தீர்மானம் கொண்டுவந்தார். சீட்டுக் குலுக்கிக் கட்சி பிரித்தோம். விழா முடிந்த மறுநாள் காலை, விளக்கு வெளிச்சத்தில், அம்மாமாரில் மூத்தவர் வரவு செலவைத் தமிழிலும் மலாயிலும் படித்தார். கொஞ்சம் மீதி இருந்தது. புதிய கயிறு வாங்கலாம் என்றார் ஒருவர். லயத்துக் குழாயடிக்கு விளக்குப் போடலாம் என்றார் இன்னொருவர். விளக்குக் கம்பெனியின் பொறுப்பு, அதற்கு நம் காசு ஏன் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அன்று பிரட்டுக் கலைவதற்குப் பதினைந்து நிமிஷம் தாமதமாயிற்று.