ஆஸ்பத்திரிக் கணக்கை யார் கையில் கொடுப்பது?

போன வாரம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். டாக்டர். சிவகாசியில் சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் வைத்திருக்கிறான். கையில் இரண்டு கொட்டேஷன். ஒன்று உள்ளூர்ப் பையன் ஒருவன் கொடுத்தது. இன்னொன்று சென்னைக் கம்பெனி கொடுத்தது. இரண்டுமே நர்சிங் ஹோம் கம்ப்யூட்டர்களை மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை வாங்கிக்கொண்டு மொத்தமாகப் பார்த்துக்கொள்வதற்கு.

"மாமா, நீங்க ஆஸ்பத்திரியில அத்தனை வருசம் கணக்குப் பார்த்தவங்க. இதுல யாரைப் பிடிக்கலாம்னு சொல்லுங்க" என்றான்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது மாப்ளே. ஆனா ஆஸ்பத்திரியில கணக்குத் தொலைஞ்சா என்ன ஆகும்னு தெரியும். அதைச் சொல்றேன், நீயே முடிவு பண்ணிக்கோ" என்றேன். அன்று அவனிடம் சொன்னதைத்தான், கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் ஆஸ்பத்திரிச் சீட்டு என்பது வெறும் காகிதம் அல்ல. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று மூன்று தொழிலிலும் காயம் படுகிறவர்கள் உண்டு. காயம் பட்டவருக்கு நஷ்ட ஈடு வேண்டுமென்றால், என்றைக்கு, எந்த நேரத்தில், என்ன காயத்தோடு வந்தார் என்பதற்கு ஏ.ஆர். காப்பியும் டிஸ்சார்ஜ் சம்மரியும்தான் சாட்சி. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் மாண்ட அந்த வெடி விபத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. சிவகாசி, மதுரை என்று ஆஸ்பத்திரிகள் நிரம்பின. அப்படி ஒரு நாளில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் பின்னால் ஒரு குடும்பத்தின் சோறு.

ஈ.எஸ்.ஐ. திட்டத்தைப் பாருங்கள். 1948இல் சட்டம் வந்தது; 1952 பிப்ரவரி 24ஆம் தேதி கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. வேலையில் காயம் பட்டு வேலைக்குப் போக முடியாமல் இருக்கும் தொழிலாளிக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் உண்டு. ஆனால் வைத்தியம் பார்ப்பது ஓர் இடம், பணம் கொடுக்கும் கிளை அலுவலகம் இன்னோர் இடம். டாக்டர் எழுதும் சர்டிபிகேட்டுதான் இரண்டுக்கும் நடுவே பாலம். பேரேட்டுக் காலத்தில் அந்தப் பாலத்தைக் கட்டிக் காத்தவர் ஒரு குமாஸ்தா. பேரேடு இருக்கும் பீரோவின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. கேட்டால் ஆள் இருந்தார்.

2009இல் அந்தப் பேரேடுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலையை ஈ.எஸ்.ஐ. கழகம் விப்ரோவிடம் ஒப்படைத்தது. பஞ்சதீப் என்று பெயர். சுமார் 1,182 கோடி ரூபாய் ஒப்பந்தம். தொழிலாளிக்கு ஓர் அட்டை, குடும்பத்துக்கு ஓர் அட்டை என்று இரண்டு கொடுத்தார்கள். வேலை ஓர் ஊரிலும் குடும்பம் வேறோர் ஊரிலும் இருக்கிறவர்களுக்கு அது பெரிய சௌகரியம். வெளியாளிடம் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் அவ்வளவு பெரிய கழகத்துக்கு டெண்டர் எழுத இன்ஜினீயர்கள் இருந்தார்கள், ஒப்பந்தம் படிக்க வக்கீல்கள் இருந்தார்கள். இருபது படுக்கை நர்சிங் ஹோமுக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு பக்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நோயாளியைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

சின்ன ஆஸ்பத்திரிகளும் கம்ப்யூட்டருக்கு மாறியதற்கு ஒரு முக்கியக் காரணம் இன்ஷூரன்ஸ். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆபரேஷனுக்கு முன் அனுமதி வாங்கவும், பின்னால் பணம் கேட்கவும் எல்லாம் இணையம் வழியேதான். அதுவரை பில் போட மட்டும் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்த ஆஸ்பத்திரிகள், அதன் பிறகு அது இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது என்ற நிலைக்கு வந்தன.

நான் கணக்கராக இருந்த ஆஸ்பத்திரியும் அப்படித்தான் மாறியது. அதன் பெயர் இங்கே வேண்டாம். ஏ.எம்.சி. என்று வருசத்துக்கு ஒரு தொகை பேசி ஓர் ஆளிடம் கொடுத்தோம். வருவார், தூசி தட்டுவார், பேக்கப் எடுத்தாகிவிட்டது என்று நோட்டில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். ஒரு நாள் மெஷின் எழுந்திருக்கவில்லை. ஹார்டு டிஸ்க் போய்விட்டது. பேக்கப் எங்கே என்று கேட்டால், அதே மெஷினில், அதே டிஸ்க்கில், டி டிரைவில் எடுத்து வைத்திருந்தார்! வீட்டுச் சாவி தொலைந்தால் இருக்கட்டும் என்று மாற்றுச் சாவியை அதே கொத்தில் கோத்து வைத்த கதை.

அந்த மாதமே ஒருவர் வந்தார். இரண்டு வருசத்துக்கு முன் கையும் கழுத்தும் வெந்து எங்களிடம் படுத்திருந்தவர். தோல் சுருங்கிக் கை மடங்கவில்லை. நஷ்ட ஈட்டு வழக்குக்காக டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டார். கம்ப்யூட்டரில் எதுவும் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் சிஸ்டர் கையால் எழுதிய பழைய ரிஜிஸ்டரில் தேதியும் ஐ.பி. நம்பரும் கிடைத்தன. அதை வைத்துக்கொண்டு மாடி அறையில் மூட்டை மூட்டையாகக் கிடந்த கேஸ் ஷீட்டுகளைக் கிளறினோம். நான்காம் நாள் கிடைத்தது, பாதி கரையான் தின்றபடி. எத்தனை சதவீதம் தீக்காயம் என்று டாக்டர் குறித்திருந்த பக்கம் இல்லை. மறுபடி மெடிக்கல் போர்டு, மறுபடி வாய்தா. எட்டு மாதம் இழுத்தது. அவர் ஒவ்வொரு தடவையும் வந்து, மடங்காத கையோடு கும்பிட்டுவிட்டு நின்றதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

இது சின்ன இடத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2017 மே 12ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற வைரஸ் இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் மூன்றில் ஒரு பங்கைப் பாதித்தது. சுமார் 19,000 அப்பாயிண்ட்மெண்டுகள் ரத்தாகியிருக்கும் என்ற கணக்கு அவர்களுடைய தணிக்கைத் துறை அறிக்கையிலேயே இருக்கிறது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. மருந்து இருந்தது, போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

நம் நாட்டில் 2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. பல நாட்களுக்கு ஓ.பி. சீட்டு முதல் லேப் ரிசல்ட் வரை கையால் எழுதினார்கள். காரணமாகச் சொன்னது, நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்கவில்லை என்பது. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் ரூமையும் பேக்கிங் ரூமையும் ஏன் தள்ளித் தள்ளிக் கட்டுகிறோம்? ஒன்று பற்றினால் மற்றது பிழைக்க வேண்டும் என்றுதானே. அதே பாடம்தான். எய்ம்ஸைக் காப்பாற்றியது எது தெரியுமா? பாதிக்கப்படாமல் தனியாக இருந்த ஒரு பேக்கப் சர்வர். அதிலிருந்துதான் தகவல்களை மீட்டார்கள்.

இதற்கு நேர் எதிராக, நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை என்று 1992இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். கம்ப்யூட்டர் விஷயத்திலும் அதே புத்தி. ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கான மென்பொருளைச் சொந்த ஆட்களை வைத்தே எழுதிக்கொண்டார்கள். தேனிப் பக்கத்துக் கிராமங்களில் கண் பரிசோதனை மையங்களை ஆஸ்பத்திரியோடு இணைக்க அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரின் உதவியை வாங்கினார்கள். வெளியார் உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

நம் ஊருக்கு இது புதுசா? அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அங்கிருந்தே ஆளைக் கூட்டி வந்து எல்லாவற்றையும் அவன் கையில் விட்டிருந்தால், அவன் கிளம்பிய அன்றே தொழிலும் கிளம்பியிருக்கும்.

அரவிந்த் மாதிரி எல்லோராலும் முடியாது. சின்ன நர்சிங் ஹோம் வெளியாளைத்தான் நம்ப வேண்டும். அதனால் மருமகனிடம் இப்படிச் சொன்னேன். இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து ஐந்து கேள்வி கேள்.

பேக்கப் எங்கே இருக்கிறது? வேறு கட்டடத்தில், நெட்வொர்க்கில் ஒட்டாத ஒரு பிரதியாவது இருக்கிறதா? என் கண் முன்னால் ஒரு பழைய நோயாளியின் கேஸ் ஷீட்டை அதிலிருந்து எடுத்துக் காட்டு.

பாஸ்வேர்டு யாரிடம்? எல்லாம் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, என் லாக்கரில் இருக்க வேண்டும்.

பில் போடும் கம்ப்யூட்டரும், எக்ஸ்ரே மெஷினும், நோயாளி வீட்டார் பயன்படுத்தும் வைஃபையும் ஒரே வலையிலா, தனித்தனியா?

தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் யார் வருவார்கள், எத்தனை மணி நேரத்தில்?

கடைசியாக, நாளைக்கு உன்னை நிறுத்தினால் என் நோயாளிகளின் தகவலை எந்த வடிவத்தில், எத்தனை நாளில் திருப்பிக் கொடுப்பாய்? இதை மட்டும் வாய்ப்பேச்சாக விடாதே, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு.

"தப்பு நடந்தா அந்தக் கம்பெனிதானே மாமா பொறுப்பு?" என்று கேட்டான்.

இல்லை. 2023இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை யாரிடம் கொடுத்திருந்தாலும் நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரிதான். தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கணினித் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு. சட்டத்தை விடு, மடங்காத கையோடு ஒருவர் வந்து நின்றால் அவர் நிற்பது உன் வாசலில்தான், கம்பெனி வாசலில் இல்லை என்றேன்.

நேற்று போன் செய்தான். ஐந்து கேள்விக்கும் சென்னைக் கம்பெனி அழகாகப் பதில் சொன்னதாம், ஆனால் பேக்கப்பிலிருந்து எடுத்துக் காட்ட இரண்டு நாள் கேட்டதாம். உள்ளூர்ப் பையன் மூன்று கேள்விக்கு முழித்தானாம், ஆனால் கேஸ் ஷீட்டைப் பத்து நிமிஷத்தில் எடுத்துக் காட்டினானாம். இன்னும் முடிவு எடுக்கவில்லை. யாரைப் பிடித்தாலும் தியேட்டர் ரிஜிஸ்டரையும் அட்மிஷன் ரிஜிஸ்டரையும் மட்டும் கையால் எழுதுவதை நிறுத்தாதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.