மத்தியஸ்தர் பாக்கோ புரு

1885ஆம் ஆண்டு மட்றிட் நகரிற் பிறந்த பாக்கோ புரு, பார்சிலோனாக் கழகத்திலும் எஸ்பான்யோல் கழகத்திலும் உதைபந்தாடிப் பின்னர் மத்தியஸ்தரானவர். முரட்டாட்டம் மலிந்திருந்த காலம் அது. முதன்முறை மத்தியஸ்தம் வகிக்கச் சென்றவர், வீரர்கள் உடைமாற்றும் அறையிற் புகுந்து, கைத்துப்பாக்கியொன்றை அவர்கள் காண எடுத்து, இடுப்பிற் செருகிக்கொண்டாராம். கதை சற்று மிகைப்பட்டிருக்கலாம். ஆயினும் மத்தியஸ்தரின் சொல்லுக்கு அன்றிருந்த மதிப்பை அது காட்டுகின்றது.

1920இல் அன்ட்வேர்ப் ஒலிம்பிக் விழாவில் ஆடிய ஸ்பெயினின் முதலாவது தேசிய அணிக்கு அவரே பயிற்றுநர். பந்துக் காப்பாளர் ஸமோறாவுக்கு வயது 19. பெல்ஜியத்திடம் 3-1 எனத் தோற்றபின் சுவீடன், இத்தாலி, ஒல்லாந்து அணிகளை வென்று வெள்ளிப் பதக்கம் பெற்றனர். 1930இல் முதலாவது உலகக் கிண்ணப் போட்டியிலே பெரு நாட்டணியை நடத்திச் சென்றார். ஆடிய இரண்டிலும் தோல்வியே.

1936 யூன் 21ஆம் நாள், அவர் பயிற்றிய மட்றிட் அணி பார்சிலோனாவை 2-1 என வென்று ஸ்பானியக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. இறுதிக் கணத்தில் பந்தைத் தடுத்து வெற்றியைக் காத்தவர் அதே ஸமோறா. நான்கு வாரங்களுள் உள்நாட்டுப் போர் மூண்டது.