நாட்டிங்காமின் ராலி: ஒரு மிதிவண்டித் தொழிற்சாலையின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லேஸ் துணிக்கும் காலுறைக்கும் பெயர்பெற்றிருந்த இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில், 1880களின் நடுவில், வுட்ஹெட், ஆங்வா, எல்லிஸ் என்னும் மூவர் ராலி தெருவில் ஒரு சிறு பட்டறையை நடத்தி, வாரத்துக்கு மூன்று மிதிவண்டிகள் என்ற அளவில் செய்து விற்றுவந்தனர். முன்சக்கரம் ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும் பழைய வண்டி வழக்கொழிந்து, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்து சங்கிலியால் பின்சக்கரம் இயங்கும் 'சேஃப்டி' வகை வண்டி பரவத் தொடங்கிய காலம் அது. ஹாங்காங்கில் பொருளீட்டி, உடல் நலிந்து நாடு திரும்பிய ஃபிராங்க் பவுடன் என்பவர் மருத்துவரின் அறிவுரைப்படி சைக்கிள் ஓட்டி நலம் பெற்றதாகவும், அதனால் ஏற்பட்ட ஈடுபாட்டால் இப்பட்டறையைத் தேடிவந்ததாகவும் நிறுவனத்தின் மரபுக் கதை கூறுகிறது. எவ்வாறாயினும், அவருடைய முதலீட்டால் 1888 டிசம்பரில் ராலி சைக்கிள் கம்பெனி உருவானது. தெருவின் பெயரே வண்டியின் பெயராக நிலைத்தது.

அதே 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதும், அடுத்த சில ஆண்டுகளில் சைக்கிள் மோகம் ஐரோப்பாவெங்கும் மூண்டதும் பவுடனுக்குக் கைகொடுத்தன. அமெரிக்க வீரர் ஆர்தர் சிம்மர்மன் ராலி வண்டியில் வென்ற பந்தயங்கள் விளம்பரமாயின. 1896 அளவில் உலகின் மிகப் பெரிய சைக்கிள் தொழிற்சாலை தன்னுடையதே என்று கம்பெனி கூறிக்கொண்டது. மறு ஆண்டே மோகம் தணிந்து விலைகள் சரிந்தபோது, பல நிறுவனங்கள் மூழ்கின; ராலியோ நிலைத்தது. சட்டகத்தின் குழாய்கள் கூடும் மூட்டுகளை வார்ப்பிரும்பில் வார்ப்பதைக் கைவிட்டு, எஃகுத் தகட்டை அழுத்தி உருவாக்கும் முறைக்கு மாறியதால் ராலியின் வண்டி எடை குறைந்தது, உறுதி கூடியது. 'முழு எஃகு மிதிவண்டி' என்பது அதன் முழக்கமாயிற்று.

ஆயினும், ராலியின் பெயரை நிலைநாட்டியது சட்டகம் அன்று; பின்சக்கரத்தின் குடத்துக்குள் மறைந்திருந்த கியரே. ஸ்டர்மி-ஆர்ச்சர் எனப்படும் அந்த மூன்று வேகக் குடம் 1902-03இல் சந்தைக்கு வந்தது. அதை வடிவமைத்த முதன்மையாளர் வில்லியம் ரைலி. தம் எதிர்காலக் கண்டுபிடிப்புகளின் உரிமையை முன்பே வேறொரு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்திருந்ததால் காப்புரிமை ஜேம்ஸ் ஆர்ச்சரின் பெயரில் பதிவாக, ஹென்றி ஸ்டர்மியின் பெயரும் அதனுடன் இணைய, உழைத்தவரின் பெயர் மட்டும் குடத்தின் மேல் இடம்பெறாமற் போனது பெரும் அநீதி.

1936இல் வெளிவந்து மிக நீண்டகாலம் ஓடிய ஏ.டபிள்யூ. வகைக் குடத்தைப் பிரித்துப் பார்த்தால், அச்சில் அசையாது நிற்கும் சிறு பற்சக்கரத்தைச் சுற்றி நான்கு பற்சக்கரங்கள் ஒரு கூட்டில் அமர்ந்து உருள்வதையும், அவற்றை உட்பற்கள் கொண்ட வளையம் ஒன்று தழுவியிருப்பதையும் காணலாம். சூரியனைக் கோள்கள் சுற்றுவதை ஒத்திருப்பதால் இதற்குக் கோள் பற்சக்கர அமைப்பு என்று பெயர். மிதிப்பவரின் விசை கூட்டின் வழியே நுழைந்து வளையத்தின் வழியே வெளியேறினால் சக்கரம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுழலும். வளையத்தின் வழியே நுழைந்து கூட்டின் வழியே வெளியேறினால் வேகம் கால் பங்கு குறைந்து மேடேறுவது எளிதாகும். நடுநிலையில் விசை நேரடியாகப் பாயும். கைப்பிடியிலுள்ள நெம்புகோலை அழுத்தும்போது ஒரு கம்பி, உள்ளீடற்ற அச்சுக்குள் புகும் கழுத்துச் சங்கிலி போன்ற மெல்லிய சங்கிலியை இழுத்து இம்மாற்றத்தைச் செய்கிறது. குடத்தில் எண்ணெய் விடச் சிறு மூடி உண்டு. குடத்தின் மேற்புறத்தில் செய்த ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும்.

கியர் உட்பட ஏறத்தாழ எல்லாப் பாகங்களையும் தானே செய்துகொண்ட இத்தொழிற்சாலை, ஹம்பர், ரட்ஜ் ஆகிய போட்டியாளர்களின் சைக்கிள் தொழிலை ஒவ்வொன்றாக வாங்கி, 1951இல் ஓராண்டில் பத்து லட்சம் வண்டிகளை எட்டியது. அவற்றில் பெரும்பகுதி கப்பலேறியது. பின்னர் ட்ரையம்ஃப், பி.எஸ்.ஏ. ஆகியவற்றின் சைக்கிள் தொழிலும் அதன் கைக்கு வந்தது. ராலியில் வேலைபார்த்த ஆலன் சில்லிட்டோ 1958இல் வெளியிட்ட நாவலின் நாயகன், அதே தொழிற்சாலையில் லேத்தின் முன் நிற்கும் தொழிலாளியே.

விடுதலை பெற்ற நாடுகள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி உள்நாட்டுத் தொழிலை வளர்க்க முனைந்ததும், பிரிட்டனிலேயே கார் மலிந்ததும் அந்த உச்சத்தைக் குலைத்தன. 1950களில் இந்தியாவின் அசன்சோலில் சென்-ராலி நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1949இல், முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸுடன் கூடி நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலஸ் வண்டிகளைச் செய்யலாயிற்று. 1960இல் ராலியும் அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸின் கைக்குள் சென்றதால், நாட்டிங்காமும் அம்பத்தூரும் ஒரே குடும்பத்தின் கிளைகளாயின.

நீள இருக்கையும் உயர்ந்த கைப்பிடியும் கொண்டு 1970இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த 'சாப்பர்' சிறுவர்களைக் கவர்ந்ததும், 1980இல் டச்சு வீரர் யோப் சூட்டமெல்க் ராலி அணியில் டூர் டி பிரான்ஸை வென்றதும் பெருமைக்குரியவையே. தொழிற்சாலையின் தேய்வை அவற்றால் தடுக்க முடியவில்லை. 1999இல் சட்டகம் செய்வது நின்றது. 2000இல் ஸ்டர்மி-ஆர்ச்சர் தைவானின் சன்ரேஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, இயந்திரங்களும் அங்கே சென்றன. 2002இல் நாட்டிங்காம் தொழிற்சாலை மூடப்பட்டது. அதன் பழைய நிலத்தின் ஒரு பகுதியில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் நிற்கிறது. மூன்று வேகக் குடமோ, ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற அதே பெயருடன் தைவானிலிருந்து வெளிவருகிறது.